முதுமைக்கு ஒரு சிற்றில்லம்: நன்மையும் குறையும்

யாழ்ப்பாணத்திலே எனக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியை ஒருவர் இப்பொழுது எண்பத்து நான்கு வயதினராக இருக்கின்றார். கணவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மகள் ரொறன்ரோவிலே, மகன் இலண்டனிலே. மகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்த வீட்டிலே, மகள் இன்றித் தனியே வாழ்ந்து வந்தார். ஒருநாட் காலை கிணற்றடியிலே வழுக்கி விழுந்தவரை, மாலையிலே பால் கொண்டுவந்த பெண்ணே கண்டாள். அதன்பின் பிள்ளைகள் இருவரும் தொலைபேசியிலே நெடுநேரம் ஆலோசித்து, நகரத்துக்குச் சற்று வெளியே எட்டு முதியோரை வைத்துப் பராமரிக்கும் ஒரு சிறிய இல்லத்திலே தாயைச் சேர்த்தனர்.

அண்மையில் அவரைக் காணச் சென்றிருந்தேன். முகம் தெளிந்திருந்தது, உடம்பும் சற்றுத் தேறியிருந்தது. வேளைக்கு உணவும் மருந்தும் கிடைக்கின்றன. இரவிலே கூப்பிட்டால் குரல் கொடுக்க ஆள் உண்டு. விடைபெறும் நேரத்திலே அவர் சொன்னார்: “தம்பி, இங்கை எல்லாரும் நல்லாய்த்தான் பாக்கினம். ஆனால் ஒரு கோப்பை தேத்தண்ணி நானே போட்டுக் குடிச்சு ஆறு மாசமாச்சு.”

இவ்விரு வாக்கியங்களும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல, இரண்டும் உண்மையே. சிறிய முதியோர் இல்லங்களைப் பற்றி இந்நாளிலே நம்மிடையே எழும் விவாதம் முழுவதும் இவற்றினுள் அடங்கிக் கிடக்கின்றது. முதல் வாக்கியத்தை மாத்திரம் கேட்போர் இவ்வில்லங்களை வரமென்பர். இரண்டாவதை மாத்திரம் கேட்போர், பெற்றோரைக் கைவிடுதற்கு நாகரிகமான பெயர் இஃது என்பர். இரண்டையும் ஒருங்கே வைத்து நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடும்பமும் காலமும்

முதலிற் கணக்கைப் பார்ப்போம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களுள் 65 வயதும் அதற்கு மேலும் உடையோர் நூற்றுக்கு 7.9 வீதத்தினர். 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டிலே அத்தொகை 12.6 வீதமாக உயர்ந்துள்ளது. பன்னிரண்டு ஆண்டுகளில் நேர்ந்த இம்மாற்றம் சிறியதன்று. மேலை நாடுகள் செல்வம் சேர்த்தபின் முதுமையடைந்தன. நாமோ செல்வம் சேர்க்குமுன்னரே முதுமையடைந்து வருகின்றோம்.

தமிழர் வாழும் பகுதிகளில் இதனோடு இன்னுமொரு காரணமும் சேர்ந்துகொள்கின்றது. 1983இன் பின்னர் இளந்தலைமுறையினரிற் பெருந்தொகையினர் கடல் கடந்தனர். 2009 வரை நீடித்த போரிலே பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரும் பலர். நமது வழமையிலே முதியோர்ப் பராமரிப்பு எவ்வாறு அமைந்திருந்தது என்பதை நினைவு கூர்தல் வேண்டும். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மணமக்கள் அவ்வீட்டிலேயே குடியிருப்பர். பெற்றோர் அதன் ஒரு பகுதியிலோ, அதே வளவினுள் அமைந்த சிறு வீட்டிலோ தம் இறுதிக்காலத்தைக் கழிப்பர். ஆகவே சீதன வீடு என்பது மகளுக்கு அளித்த கொடை மாத்திரமன்று. பெற்றோரின் முதுமைக்கான காப்பும் அதுவே. இன்று உறுதியிலே மகளின் பெயர் இருக்கின்றது, வீடும் இருக்கின்றது, மகள் இல்லை. இந்த ஏற்பாடு யாருடைய குற்றத்தினாலும் முறியவில்லை, வரலாற்றினால் முறிந்தது. இதனை உணராது, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளை நன்றி கெட்டோர் என ஏசுவது எளிது, பயனற்றதும் ஆகும்.

சிற்றில்லம் என்பது யாது?

பழைய முதியோர் இல்லம் என்றவுடன் நம் கண்முன் தோன்றுவது நீண்ட மண்டபம், வரிசையாகக் கட்டில்கள், மணியடித்தால் உணவு. கைதடியிலுள்ள அரச முதியோர் இல்லம் போன்றவை ஆதரவற்றோர்க்குப் புகலிடமாக அமைந்தவை. அவற்றின் தொண்டினை யாரும் குறைத்துரைக்க முடியாது. சிற்றில்லமோ வேறு எண்ணத்தின் விளைவு. ஐந்து பேர் முதல் பத்துப் பன்னிருவர் வரை, வீடு போன்ற ஒரு வீட்டிலே ஒன்றாக வாழ்வர். குளித்தல், உடுத்தல், சமைத்தல், மருந்து எடுத்தல் முதலியவற்றில் இயலாததற்கு மாத்திரம் உதவி கிடைக்கும். இயன்றதைத் தாமே செய்வர். அது வைத்தியசாலையும் அன்று, தனிக்குடித்தனமும் அன்று, இரண்டிற்கும் இடைப்பட்டது.

இவ்வெண்ணத்தின் வரலாற்றை அறிந்துகொள்வது பயன் தரும். அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்திலே கெரன் பிரவுன் வில்சன் என்னும் பெண்மணியின் தாயார், ஐம்பத்தைந்து வயதிலேயே பாரிசவாதத்தாற் பாதிக்கப்பட்டு, இல்லம் மாறி இல்லமாக வாழ நேர்ந்தது. அத்தாய் வேண்டியவை மிக எளியன: ஒரு சிறு சமையலறை, தனக்கெனக் குளியலறை, உள்ளிருந்து பூட்டத்தக்க ஒரு கதவு. இவற்றை மனத்திற் கொண்டு வில்சன் 1983இலே போர்ட்லண்ட் நகரில் 112 குடியிருப்புகள் கொண்ட ஓர் இல்லத்தைத் தொடங்கினார். முதியோர் கையிலே அடுப்பையும் திறப்பையும் கொடுப்பது ஆபத்து என்று பலர் எதிர்த்தனர். மாநில அரசு அங்கு வாழ்வோரைத் தொடர்ந்து அவதானித்தது. 1988இலே வெளியான முடிவுகளின்படி, அவர்களது மனநிறைவு உயர்ந்திருந்தது, உடல்நலம் கெடவில்லை, செலவும் மருத்துவ இல்லங்களைவிடக் குறைவாகவே இருந்தது.

அதன்பின் நிகழ்ந்ததும் கவனிக்கத்தக்கது. 1990களிலே பெருங்கம்பனிகள் இத்துறையினுட் புகுந்தன. வில்சனின் முயற்சிக்கு வழங்கிய பெயர் எங்கும் பரவிற்று. ஆனால் பூட்டும் திறப்பும் முதியோர் கையிலே இருத்தல் வேண்டும் என்ற கொள்கை பல இடங்களில் மெல்ல மறைந்தது. பெயர் நிலைத்துப் பொருள் தேய்ந்த இவ்வரலாறு நமக்கு ஓர் எச்சரிக்கை.

இல்லத்தின் அளவையே சுருக்க வேண்டும் என்ற முயற்சி பின்னர் வலுப்பெற்றது. வைத்தியர் பில் தோமஸ் என்பாரின் திட்டப்படி 2003இலே மிசிசிப்பி மாநிலத்து ரூப்பலோ நகரில், பத்துப் பேர் வீதம் வாழும் நான்கு வீடுகள் அமைந்தன. ஒவ்வொருவர்க்கும் தனியறை, நடுவிலே திறந்த சமையற்கூடம், எல்லாரும் அமர்ந்து உண்ண ஒரு நீண்ட மேசை. யப்பானிலே 2000ஆம் ஆண்டு தொடங்கிய நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியின் கீழ், மறதிநோய் உடையோர்க்கான கூட்டில்லங்கள் நாடெங்கும் பெருகின. அவற்றில் ஓர் அலகிற்கு ஐவர் முதல் ஒன்பதின்மர் வரையே இடம்.

நன்மைகள்

சிற்றில்லத்தின் முதல் நன்மை, அங்கே முதியவர் ஒருவர் பெயரால் அறியப்படுகின்றார் என்பது. எண்பது பேர் வாழும் இடத்திலே அவர் ஒரு கட்டில் எண். எட்டுப் பேர் வாழும் இடத்திலே, காலையிற் கோப்பி வேண்டாம் என்பவர், நேற்று இரவு சரியாகத் துயிலாதவர், வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர். பராமரிக்கும் பெண் ஏட்டைப் பாராமலே இவற்றை அறிவாள். நோயின் தொடக்கத்தை முதலிற் காண்பதும் இவ்வறிவே. “அம்மா இன்றைக்கு வழமைபோல இல்லை” என்று உணரக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருப்பது பெரும் காப்பு.

இரண்டாவது, அன்றாடச் செயல்களுக்கு அங்கே இடமுண்டு. கீரை ஆய்தல், பூக்கொய்தல், முற்றம் கூட்டுதல், புதினப் பத்திரிகையை உரக்க வாசித்தல் ஆகியவை பார்வைக்கு அற்பமானவை. ஆயினும் தன்னாற் பிறர்க்கு ஒரு பயன் உண்டு என்னும் நினைவே முதுமையிலே மனிதனை நிமிர்ந்து நிற்கச் செய்கின்றது. ரூப்பலோ வீடுகளில் வாழ்ந்தோரைப் பெரிய இல்லங்களில் வாழ்ந்தோரோடு ஒப்பிட்ட ஆய்வாளர், முன்னையோரின் வாழ்க்கைத் தரம் பல வகையிலும் சிறந்திருந்ததைக் கண்டனர்.

மூன்றாவது நன்மையை 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்று உலகுக்கு உணர்த்திற்று. பல நாடுகளிலே பெரிய முதியோர் இல்லங்களில் கொரோனாத் தொற்று புகுந்தபோது மரணங்கள் பெருகின. அமெரிக்காவிலே அத்தகைய சிறிய வீடுகளில் தொற்றும் மரணமும் ஒப்பீட்டளவிற் குறைந்திருந்தன. தனியறைகளும், வந்து போகும் ஊழியரின் தொகை குறைந்திருந்தமையும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன.

நான்காவது, நம் நாட்டிற்கே உரியது. சிற்றில்லத்துக்குப் புதுக் கட்டடம் வேண்டியதில்லை. ஆளின்றிக் கிடக்கும் நாற்சார் வீடுகள் நம் கிராமங்களில் எத்தனை! நடுமுற்றமும், சுற்றிவர அறைகளும், திண்ணையும், வளவும் உடைய அவ்வீடுகள் எட்டுப் பேரின் கூட்டு வாழ்வுக்கென்றே அமைந்தவை போலத் தோன்றும். முதியவர் தம் ஊரையும், தம் கோவிலின் மணியோசையையும் இழவாமல் வாழ அவை இடந்தரும்.

குறைகள்

நிற்க. குறைகளையும் அதே நேர்மையோடு எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதற்குறை எண்கணிதத்திலேயே இருக்கின்றது. ஒரு கிழமைக்கு 168 மணித்தியாலம். ஓர் ஊழியர் கிழமைக்கு 45 மணி வேலை செய்வார் எனின், எந்நேரமும் ஒருவரேனும் விழித்திருப்பதற்கு ஏறக்குறைய நால்வர் வேண்டும். பகலில் இருவர் இருத்தல் அவசியம் எனின் ஏறக்குறைய ஆறு பேர் வேண்டும். சுகவீன விடுமுறையையும் கணக்கிட்டால் ஏழு பேர். ஏழு பேரின் சம்பளத்தை எட்டு முதியோர் சுமக்க வேண்டும். இதனை நேர்மையாகச் செய்தால் செலவு ஏறும். செலவைக் குறைத்தால் யாரோ ஒருவரின் உழைப்பு சுரண்டப்படும். பல இடங்களில் உண்மையில் நிகழ்வது யாதெனின், வறிய குடும்பத்துப் பெண் ஒருத்தி அவ்வீட்டிலேயே தங்கி, பகலும் இரவும் அவளே வேலை செய்வதாகும். இரவு இரண்டு மணிக்கு அழைக்கப்படுபவளும், அதிகாலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டுபவளும் ஒருத்தியே. களைத்த கையிலே கனிவை எதிர்பார்ப்பது எங்ஙனம்?

இரண்டாவது, ஆபத்து வேளையிலே சிற்றில்லத்தின் பலம் சிறிது. 2006 சனவரியிலே யப்பானின் நாகசாகிப் பிரிவைச் சேர்ந்த ஓமுரா நகரில், மறதிநோய் உடையோர் வாழ்ந்த கூட்டில்லம் ஒன்றில் இரவிலே தீப்பற்றி எழுவர் மாண்டனர். அதன் பின்னரே அந்நாட்டில் சிறிய இல்லங்களுக்கும் தீத்தடுப்பு விதிகள் இறுக்கப்பட்டன. வீடு போன்றிருத்தல் நல்லதே. ஆனால் தாமாக எழுந்து ஓட இயலாத எண்மர் உறங்கும் வீடு, ஏனைய வீடுகளைப் போன்றதன்று. நம் ஊர்களிலே எத்தனை இல்லங்களில் இரண்டாவது வெளிவாயில் உண்டு? சக்கர நாற்காலி இறங்கச் சரிவுப்பாதை உண்டு?

மூன்றாவது, உறவின் குறுக்கம். எட்டுப் பேரிலே ஒருவர் கடுஞ்சொல்லினர் எனின் ஏழு பேரின் நாளும் கசப்பாகும். நால்வர் மறதிநோயினர் எனின், தெளிந்த அறிவுடைய ஒருவர் நாளெல்லாம் பேசத் துணையின்றித் தவிப்பார். என் ஆசிரியை இன்றும் கேத்திரகணிதத் தேற்றங்களை மனத்தினுள் நிறுவிப் பார்க்கின்றார். அதைச் சொல்லி மகிழ அங்கே ஒருவரும் இல்லை. பெரிய இல்லத்திலே ஒத்த மனத்தினர் இருவரேனும் அகப்படக்கூடும்.

நான்காவது, நிலையாமை. இல்லத்தை நடத்துபவர் நோயுற்றாலோ, வீட்டுச் சொந்தக்காரர் வீட்டை விற்க எண்ணினாலோ, முதியவர் மீண்டும் இடம்பெயர வேண்டும். நோய் முற்றி, படுக்கையோடு கிடக்கும் நிலை வந்ததும், “இனி எங்களால் முடியாது” என்று சொல்லப்படுவதும் உண்டு. ஆதரவு மிக வேண்டிய வேளையிலே கதவு அடைபடுமாயின், அதுவரை கிடைத்த ஆதரவின் மதிப்பு என்ன?

நமக்கே உரிய சிக்கல்கள்

மேற்கூறியவை எங்கும் உள்ளவை. நம்மவரிடையே எழும் சிக்கல்கள் சிலவற்றைத் தனியே சுட்டுதல் வேண்டும்.

இங்கு பணம் கொடுப்பவர் ஒருவர், வாழ்பவர் மற்றொருவர். முன்னவர் பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கின்றார். ஆகவே இல்லத்தை நடத்துபவர் திருப்திப்படுத்த வேண்டியது தாயை அன்று. கைபேசியிலே தாயின் படத்தைக் காணும் பிள்ளையை. தலைவாரி, பொட்டிட்டு, புதுச்சேலை உடுத்திப் பிறந்தநாள் அப்பம் வெட்டும் காணொளி ரொறன்ரோவைச் சென்றடைகின்றது. மற்றைய நாட்களின் பிற்பகல் மூன்று மணி அங்கே சென்றடைவதில்லை. தாயும், பிள்ளைகள் மனம் வருந்தக்கூடாதென்று, “நான் நல்லாய் இருக்கிறன்” என்றே சொல்கின்றாள். முறைப்பாடு எழும் வழிகள் யாவும் அன்பினாலேயே அடைபட்டுப் போகின்றன.

அடுத்தது, பலர் பேச விரும்பாத விடயம். எட்டுப் பேர் ஒரே மேசையிலே உண்ணும் வீட்டில், யார் அந்த எட்டுப் பேர்? யார் சமைப்பவர்? இடம் இல்லை என்ற விடை யாருக்குச் சொல்லப்படுகின்றது? 1957ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பொது இடங்களிலே சாதித்தடை விதிப்பதைக் குற்றமாக்கிற்று. ஆயினும் தனியார் வீடு என்ற போர்வையிலே, விசாரித்தறிந்து இடங்கொடுக்கும் வழக்கம் நுழைவது எளிது. பெரிய அரச இல்லங்களிலே இயலாத இத்தெரிவு சிற்றில்லத்திலே ஓசையின்றி நிகழக்கூடும். குடும்பம் போன்ற சூழல் என்னும் இனிய சொல், குலம் பார்க்கும் சூழலாக இழிந்துவிடக் கூடாது.

மூன்றாவது, வெளிநாட்டுப் பணம் வருவோர்க்கு மாத்திரமே இவ்வில்லங்கள் எட்டுகின்றன. போரிலே மகனை இழந்து, மாதாந்தக் கொடுப்பனவு ஒன்றையே நம்பி வாழும் வன்னித் தாய்க்கு இவற்றின் வாயில் திறவாது. அதே தாயின் பேர்த்தி இவ்வில்லத்திலே பணிப்பெண்ணாக இருத்தல் கூடும். இன்னும், பராமரிப்புத் தொழிலிலே பயிற்சி பெறும் நம் இளைஞர் பலர் இஸ்ரேலுக்கும் யப்பானுக்கும் செல்கின்றனர். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை, அங்கே கிடைக்கும் ஊதியமும் மதிப்பும் இங்கே கிடைப்பதில்லை. முதியோரைப் பேணுவதை நாம் புண்ணியம் என்கின்றோம். தொழில் என்று ஏற்று உரிய சம்பளம் கொடுக்கத் தயங்குகின்றோம்.

செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் நிறுத்துப் பார்க்கும்பொழுது ஒன்று தெளிவாகின்றது. சிறிய அளவு தன்னளவிலே நன்மையும் தருவதில்லை, தீமையும் தருவதில்லை. நடத்துபவர் நல்லவரெனின் அந்நன்மை எட்டுப் பேரையும் உடனே சென்றடையும். தீயவரெனின் தீமையும் அவ்வாறே. ஆதலால் சிற்றில்லம் வேண்டுமா வேண்டாமா என்பதிலும், அது யாருடைய கண்காணிப்பிலே, எத்தகைய உடன்பாட்டோடு நடைபெறுகின்றது என்பதே முக்கியமான வினா.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் முதியோர்க்கான தேசிய சபையை நிறுவிற்று. பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரும் பெற்றோரின் விண்ணப்பங்களை விசாரிக்க ஒரு சபையை அமைத்தது. முதியோர்க்குச் சேவை வழங்கும் நிறுவனங்களைப் பதிவு செய்வதற்கும் வழி வகுத்தது. ஆனால் பதிவேடு சமையலறையினுள் எட்டிப் பார்ப்பதில்லை. ஆண்டுக்கொரு முறை வரும் அதிகாரி, அன்றைய தினம் பெருக்கித் துடைத்த வீட்டையே காண்பார்.

இங்கே யப்பானியர் கண்ட வழி நமக்குப் பொருந்தும். அங்குள்ள கூட்டில்லங்கள், வாழ்வோர், அவர்தம் உறவினர், அயலவர், நகரசபை அலுவலர் ஆகியோர் கூடும் கூட்டமொன்றை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நடத்துதல் விதியாகும். அக்கூட்டத்திலே இல்லத்தின் நடைமுறை அயலாரின் பார்வைக்கு வருகின்றது. நமது ஊர்களிலே இதற்கான உறுப்புகள் முன்னரே உள்ளன. முதியோர் சங்கம் உண்டு, சனசமூக நிலையம் உண்டு, கிராம அலுவலர் உளர், பாடசாலை உண்டு. இவர்களைக் கூட்டி ஒரு சபை அமைப்பதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை.

இல்லத்திலே சேருமுன் எழுத்திலே பெறவேண்டிய உறுதிகளும் சில உள. இரவிலே விழித்திருப்பவர் யார்? படுக்கையிலே விழுந்தால் வைத்திருப்பீர்களா? முற்பணம் திரும்பக் கிடைக்குமா? வாயிற்கதவின் திறப்பு யாரிடம் இருக்கும்? இவ்வினாக்களைப் பிள்ளைகள் தொலைபேசியிற் கேட்பதோடு அமையாது, தாயோ தந்தையோ முன்னிலையிலிருந்து தாமே கேட்டல் வேண்டும். வாழப்போகின்றவர் அவரே.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதிலே செய்யக்கூடியது உண்டு. ஓர் உயர்தர வகுப்பு, கிழமைக்கு ஒரு நாள், அயலிலுள்ள இல்லத்துக்குச் சென்று ஒரு மணி நேரம் பத்திரிகையோ நூலோ வாசிக்கலாம். தருமம் செய்ய வந்தோம் என்னும் பாவனை வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் கணிதம் கேட்கப் போகலாம். கமக்காரர் ஒருவரிடம் பழைய நெல்லினங்களின் பெயர்களைக் கேட்டு எழுதலாம். வெளியார் அடிக்கடி வந்துபோகும் வீட்டிலே தீமை நெடுநாள் ஒளிந்திருக்க முடியாது. இதனினும் சிறந்த கண்காணிப்பை எந்தச் சட்டமும் தரப்போவதில்லை.

நான் அன்று விடைபெறுமுன் இல்லத்தை நடத்தும் அம்மையாரோடு சிறிது பேசினேன். தேநீர் விடயத்தைச் சொன்னேன். “கைநடுங்கிச் சுடுதண்ணி ஊத்துப்பட்டால் பிள்ளையள் எங்களைத்தானே கேப்பினம்” என்றார். அவர் அச்சம் நியாயமானதே. அடுத்த கிழமை நான் கனடாவிலுள்ள மகளோடு பேசினேன். அம்மா தேநீர் போடலாம், நேரும் ஆபத்துக்கு இல்லத்தாரைக் குறைகூறோம் என்று அவர் ஒரு கடிதம் எழுதி அனுப்ப ஒப்புக்கொண்டார். ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். கேத்திலை அவர் தூக்கட்டும். சீனியை எவ்வளவு போடுவது என்பதை என் ஆசிரியை தீர்மானிக்கட்டும். அக்கடிதம் இன்னும் வந்து சேரவில்லை. வந்ததும் அதனை எடுத்துக்கொண்டு நானே அங்கே செல்வதாக இருக்கின்றேன்.